வீட்டுக் கணினியில் உளவு நிரல்: செந்தூல் அடுக்குமாடியில் அடிக்கடி கேட்ட கேள்விகள்

கோலாலம்பூர் செந்தூலில் நாங்கள் குடியிருக்கும் அடுக்குமாடியில் எனக்குக் 'கணினி பார்ப்பவர்' என்று பெயர். பழுதுபார்க்கும் கடை ஒன்றில் பன்னிரண்டு ஆண்டுகள் இருந்தேன். அந்த வேலையை விட்டுவிட்டேன், பெயர் மட்டும் விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை தோசை ஆறுவதற்குள் யாராவது மடிக்கணினியைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு வந்து கதவைத் தட்டிவிடுவார்கள். ஆள் மாறினாலும் கேள்வி மாறுவதில்லை என்பதால் எழுதிவைத்தேன். எல்லாம் விண்டோஸ் கணினிக்கானவை. திரையில் காணும் பெயர்களை அப்படியே ஒலிபெயர்த்திருக்கிறேன், தேடும்போது தடுமாறக் கூடாது என்பதற்காக.

தம்பி, உளவு நிரல் என்பதும் வைரஸ்தானே? எதற்கு இரண்டு பெயர்?

வைரஸ் தன்னைத்தானே படியெடுத்துப் பரவுவது. உளவு நிரலுக்குப் பரவுவதில் அக்கறை இல்லை, சத்தமில்லாமல் உட்கார்ந்து பார்ப்பதே அதன் தொழில். நீங்கள் தட்டும் ஒவ்வோர் எழுத்தையும் குறித்துக்கொள்வது ஒரு வகை. உலாவியில் சேமித்த கடவுச்சொற்களை ஒரே வாரில் அள்ளிப் போவது இன்னொரு வகை. எந்தெந்தப் பக்கம் பார்க்கிறீர்கள் என்று விளம்பரக்காரருக்குச் சொல்வது மூன்றாவது. முதல் இரண்டும் திருடர்கள். மூன்றாவது, மாடிப்படியில் நின்று வம்பு பேசும் பக்கத்து வீட்டுக்காரர்.

இப்போது அதிகம் கவலைப்பட வேண்டியது இரண்டாவது வகையைப் பற்றி. லும்மா என்ற ஒரே ஒரு திருட்டு நிரல், 2025 மார்ச் 16 முதல் மே 16 வரை இரண்டே மாதங்களில் 394,000க்கும் அதிகமான விண்டோஸ் கணினிகளில் புகுந்திருந்ததை மைக்ரோசாப்ட் கண்டறிந்தது. அதை எழுதியவர்கள் மாதச் சந்தாவுக்கு விற்றார்கள். திருடுவதற்குக் கணினி அறிவுகூடத் தேவையில்லை என்ற நிலை வந்துவிட்டது.

நான் ஓய்வுபெற்றவன். மின்னஞ்சலும் யூடியூப்பும்தான் பார்ப்பேன். என்னிடம் எடுக்க என்ன இருக்கிறது?

அந்த மின்னஞ்சல்தான் இருக்கிறது, ஐயா. வருமான வரிக் கணக்கு, ஊழியர் சேமநிதிக் கணக்கு, பேஸ்புக் என எதன் கடவுச்சொல்லை மறந்தாலும் புதியதுக்கான கடிதம் அதற்குத்தானே வரும்? மின்னஞ்சலைப் பிடித்தவன் சாவிக்கொத்தையே பிடித்தவன்.

இன்னொன்றும் உண்டு. என்னிடம் வரும் கணினிகளில் பாதிக்கு மேல், அடையாள அட்டையின் இரு பக்கமும் படமாக முகப்புத் திரையிலேயே கிடக்கும். எப்போதோ ஒரு விண்ணப்பத்துக்கு எடுத்தது. தயவுசெய்து அழியுங்கள், குப்பைத் தொட்டியிலிருந்தும்.

கணினி ஆமைபோல் நகர்கிறது. உளவு நிரல் வந்துவிட்டது என்றுதானே பொருள்?

பெரும்பாலும் இல்லை. 2020 மார்ச் 18இல் நடமாட்டக் கட்டுப்பாடு வந்து பள்ளிப் பாடம் வீட்டுக்கு மாறியபோது, கிடைத்த பழைய மடிக்கணினியை எல்லாம் வாங்கினோம். 4 ஜிபி நினைவகமும் சுழலும் வன்தட்டும் உள்ள அவற்றில் பல இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன. அவை மெதுவாக இருப்பதற்கு ஒற்றன் வேண்டியதில்லை. வன்தட்டைக் கழற்றி எஸ்எஸ்டி (சுழலாத, வேகமான வட்டு) போட்டால் போதும்.

சந்தேகப்பட வேண்டிய அறிகுறிகள் வேறு. உலாவியின் முதல் பக்கம் தானாக மாறியிருக்கும். நீங்கள் போடாத நீட்டிப்பு (எக்ஸ்டென்ஷன், உலாவியோடு ஒட்டிக்கொள்ளும் சிறு நிரல்) ஒன்று மூலையில் உட்கார்ந்திருக்கும். விண்டோஸ் செக்யூரிட்டி அணைந்திருக்கும், இயக்கினாலும் நிற்காது. நீங்கள் அனுப்பாத செய்தி உங்கள் பெயரில் உறவினருக்குப் போயிருக்கும். ஆனால் அள்ளிப் போகும் வகை இந்த அடையாளம் எதையும் விட்டுவைக்காமல் சில நிமிடங்களில் வேலையை முடித்துவிடலாம். அறிகுறி இல்லை என்பதால் நிம்மதி என்று சொல்ல முடியாது.

திரையின் மூலையில் 'உங்கள் கணினியில் 5 வைரஸ்கள்' என்று நாளெல்லாம் வருகிறதே?

பத்தில் ஒன்பது முறை அது வைரஸே அல்ல. ஏதோ ஒரு பக்கம் 'அலோ' என்று கேட்டது, நீங்கள் அழுத்திவிட்டீர்கள். அன்றிலிருந்து உங்களுக்கு அறிவிப்பு அனுப்ப அதற்கு உரிமை கிடைத்துவிட்டது. குரோமில் செட்டிங்ஸ், பிரைவசி அண்ட் செக்யூரிட்டி, சைட் செட்டிங்ஸ், நோட்டிபிகேஷன்ஸ் என்று போய்ப் பெயர் தெரியாத தளங்களை எல்லாம் நீக்குங்கள். இரண்டு நிமிட வேலை. இதற்காக ஒரு கடையில் 80 ரிங்கிட் கொடுத்துவிட்டு வந்த அக்காவை எனக்குத் தெரியும்.

அந்த அறிவிப்பை மட்டும் அழுத்தாதீர்கள். அதில் உள்ள எண்ணுக்கு அழைத்தால், 'மைக்ரோசாப்டிலிருந்து பேசுகிறோம்' என்று ஒருவர் எனிடெஸ்க் போடச் சொல்வார். போட்டால் உங்கள் திரை அவர் கையில். மைக்ரோசாப்ட் தன் எச்சரிக்கைகளில் தொலைபேசி எண்ணைப் போடுவதே இல்லை.

நான் ஒன்றுமே செய்யவில்லையே, எப்படி வந்தது?

இந்தக் கேள்விக்கு நான் உடனே பதில் சொல்வதில்லை. 'டவுன்லோட்ஸ்' கோப்புறையைத் திறந்து, தேதிவாரியாக அடுக்கிக் காட்டுவேன். கேட்டவரே சிரித்துவிடுவார்.

நம்மவர்கள் வீட்டில் நான் கண்ட வரிசை இது. முதலிடம், வெள்ளிக்கிழமை வெளியான படத்தைச் சனிக்கிழமை இலவசமாகக் காட்டும் தளங்களுக்கு. அங்கே 'பிளே' பொத்தான் ஐந்து இருக்கும், உண்மையானது ஒன்றாகக்கூட இருக்காது. 'இந்தப் படம் ஓட இதை நிறுவுங்கள்' என்றால் மூடிவிட்டு எழுந்துவிடுங்கள். இரண்டாமிடம், பூட்டுடைத்த மென்பொருள்களுக்கு: ஆபீஸ், போட்டோஷாப், ஜாதகம் கணிக்கும் மென்பொருள். அவற்றை நிறுவும் முன் 'வைரஸ் தடுப்பை அணைத்துவிடவும்' என்று ஒரு குறிப்பு இருக்கும். திருடன் நாயைக் கட்டிப்போடச் சொல்கிறான், நாமும் கட்டிவிடுகிறோம். தமிழில் தட்டச்சு செய்யக்கூடத் திருட்டு மென்பொருள் இறக்குகிறார்கள். விண்டோஸ் 10இலும் 11இலும் தமிழ் 99, அஞ்சல் இரண்டு விசைப்பலகைகளும் உள்ளேயே இருக்கின்றன. அஞ்சல் முறையைத் தந்த முத்து நெடுமாறன் மலேசியர்தான். மூன்றாமிடம், பிள்ளைகள் தேடும் விளையாட்டுக் குறுக்குவழிகளுக்கு.

புதிதாக வந்திருக்கும் தந்திரம் ஒன்று படித்தவர்களையும் வீழ்த்துகிறது. 'நான் ரோபோ அல்ல' என்று நிரூபிக்கச் சொல்லும் பெட்டி வரும். படங்களைத் தேர்ந்தெடுக்கச் சொல்லாமல், விண்டோஸ் விசையையும் ஆர் விசையையும் சேர்த்து அழுத்து, பிறகு கண்ட்ரோலும் வியும், பிறகு எண்டர் என்று சொல்லும். அந்தப் பக்கம் உங்களுக்குத் தெரியாமல் ஒரு கட்டளையை ஏற்கெனவே நகலெடுத்து வைத்திருக்கிறது. நீங்கள் செய்தது, அதை உங்கள் கையாலேயே ஒட்டி இயக்கியது. உண்மையான சோதனை எதுவும் உங்களை உலாவிக்கு வெளியே போகச் சொல்லாது.

சரி, வந்துவிட்டது. முதலில் என்ன செய்வது?

எல்லாரும் தவறுவது இங்கேதான். பதறிப்போய் அதே கணினியில் உட்கார்ந்து வங்கிக் கடவுச்சொல்லை மாற்றுகிறார்கள். ஒற்றன் அருகில் நிற்கும்போதே புதுச் சாவியை மேசையில் வைத்தது போல. எந்தக் கருவியால் துடைக்கிறோம் என்பதைவிட எந்த வரிசையில் செய்கிறோம் என்பதே பெரிது.

முதலில் இணையத்தைத் துண்டியுங்கள். வைபையை அணையுங்கள், கம்பி இருந்தால் பிடுங்குங்கள். அடுத்து, சந்தேகமில்லாத வேறொரு கருவியை எடுங்கள். உங்கள் கைப்பேசியாக இருக்கலாம், மகளின் கணினியாக இருக்கலாம். அதில் மின்னஞ்சலின் கடவுச்சொல்லை முதலாவதாகவும் வங்கியை அடுத்ததாகவும் மற்றவற்றைப் பிறகும் மாற்றுங்கள். மாற்றும்போதே 'எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேறு' என்ற வசதியையும் அழுத்துங்கள், காரணத்தைப் பின்னால் சொல்கிறேன். மூன்றாவது, படங்களையும் ஆவணங்களையும் வெளி வன்தட்டில் எடுத்து வையுங்கள். நிறுவல் கோப்புகளை எடுக்காதீர்கள். இவ்வளவும் முடிந்த பிறகுதான் துடைப்பது.

எதைக் கொண்டு துடைப்பது? காசு கொடுத்து வாங்க வேண்டுமா?

வேண்டாம். விண்டோஸில் டிபெண்டர் இருக்கிறது, வீட்டுக்கு அது போதும். முதலில் இணையத்தைச் சற்று நேரம் இணைத்து அதைப் புதுப்பியுங்கள். விண்டோஸ் செக்யூரிட்டியில் வைரஸ் அண்ட் திரெட் புரொடெக்ஷன், அதில் ஸ்கேன் ஆப்ஷன்ஸ். 'ஃபுல் ஸ்கேன்' பல மணி நேரம் ஓடலாம், இரவில் விட்டுவிடுங்கள். மறுநாள் அதே இடத்தில் 'டிபெண்டர் ஆஃப்லைன் ஸ்கேன்'. கணினி மூடித் திறந்து, விண்டோஸ் எழும் முன்னரே சோதிக்கும், ஏறக்குறைய 15 நிமிடம் ஆகும். விண்டோஸ் ஓடும்போது ஒளிந்துகொள்ளும் நிரல்களுக்கு அப்போது மறைவிடம் இல்லை. இரண்டாவது கருத்து வேண்டுமென்றால் மால்வேர்பைட்ஸின் இலவசப் பதிப்பை அதன் சொந்தத் தளத்திலிருந்து மட்டும் இறக்கி ஒரு முறை ஓட்டுங்கள்.

எப்போதும் காவல் காக்கும் வைரஸ் தடுப்பு இரண்டை ஒரே கணினியில் வைக்காதீர்கள், ஒன்றையொன்று சந்தேகித்துக்கொண்டு கணினியை அசையவிடாது. 'கணினியைச் சுத்தமாக்கி வேகப்படுத்தும்' மென்பொருள்கள் எனக்கு எப்போதும் பிடிப்பதில்லை. அவற்றில் பேர்பெற்ற சிசிகிளீனரின் 5.33 பதிப்புக்குள்ளேயே 2017இல் தீய நிரலைச் செருகியிருந்தார்கள், தயாரித்தவர்களுக்கே தெரியாமல்.

டிபெண்டர் 'ஒன்றுமில்லை' என்கிறது, ஆனால் தேடினால் வேறு பக்கம் போகிறது.

குற்றவாளி உலாவிக்குள் இருப்பான். நீட்டிப்புகளைத் திறந்து, எதற்கு என்று தெரியாததை எல்லாம் நீக்குங்கள். விலை ஒப்பிடுவது, பிடிஎஃப் மாற்றுவது, வீடியோ இறக்குவது ஆகிய மூன்றையும் முதலில் பாருங்கள். பிறகு 'ரீசெட் செட்டிங்ஸ்'.

கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். 'ஸ்டார்ட்அப்' பகுதியில் கணினியோடு எழுந்திருப்பவர்களின் பட்டியல் இருக்கும். தெரியாத பெயரை உடனே அழிக்க வேண்டாம், முடக்கி வைத்துவிட்டு அது என்னவென்று தேடுங்கள். ஒரு அண்ணா அவசரப்பட்டு ஒலிக்கருவியின் நிரலை அழித்துவிட்டு, கணினி ஊமையாகிவிட்டது என்று வந்தார்.

துடைத்தாயிற்று. இனி இதில் வங்கி வேலை பார்க்கலாமா?

பிடிபட்டது விளம்பர வகை என்றால் பார்க்கலாம். பெயரில் 'ஸ்டீலர்', 'டிரோஜன்', 'பேக்டோர்' என்று ஏதாவது இருந்தால் நான் நம்பமாட்டேன். பிடிபட்டது எது என்று தெரியும், பிடிபடாதது எது என்று யாருக்குத் தெரியும்? அப்படிப்பட்ட கணினியில் விண்டோஸைப் புதிதாக நிறுவுவதே என் வழக்கம். வேறொரு கணினியில் மைக்ரோசாப்டின் மீடியா கிரியேஷன் டூலை இறக்கி, குறைந்தது 8 ஜிபி பென் டிரைவில் ஏற்றி, வட்டை முழுதாக அழித்து நிறுவுங்கள். உரிமமுள்ள விண்டோஸோடு வந்த கணினி என்றால் இணையத்தில் இணைந்ததும் உரிமத்தைத் தானே கண்டுகொள்ளும். அரை நாள் போகும். போகட்டும்.

கடையில் ஃபார்மட் செய்து வாங்கினோம். இரண்டே வாரத்தில் மறுபடியும் வந்துவிட்டதே, ஐயா?

மூன்று காரணங்களைப் பார்த்திருக்கிறேன். ஒன்று, எடுத்து வைத்த கோப்புகளோடு பழைய திருட்டு நிறுவியும் திரும்பி வந்து, 'ஆபீஸ் இல்லையே' என்று அதை மறுபடி இயக்கியிருப்பார்கள். இரண்டு, குரோமில் உள்நுழைந்ததும் கூகுள் கணக்கு பழைய நீட்டிப்புகளை எல்லாம் விசுவாசமாகத் திரும்ப நிறுவியிருக்கும். ஃபார்மட் செய்யும் முன்னரே அவற்றை நீக்கியிருக்க வேண்டும்.

மூன்றாவது சங்கடமானது. கடைக்காரர் போட்ட விண்டோஸே பூட்டுடைத்தது. நான் வேலை பார்த்த கடையிலும் ஒரு காலத்தில் அதைத்தான் போட்டோம், வாடிக்கையாளர் கேட்டதும் மலிவைத்தான். உரிமத்தை ஏமாற்ற வைத்த நிரலை டிபெண்டர் பிடிக்காமலிருக்க, அந்தக் கோப்புறையைச் சோதனையிலிருந்து விலக்கி வைப்போம். பின்னால் வருகிற எதுவும் அங்கே போய் ஒளிந்துகொள்ளலாம். ஸ்கேன் வசதியிருக்கும் அதே பக்கத்தில் 'மேனேஜ் செட்டிங்ஸ்' போய், அங்கே 'எக்ஸ்குளூஷன்ஸ்' என்ற பட்டியலைத் திறந்து பாருங்கள். நீங்கள் போடாதது ஏதாவது இருந்தால் நீக்குங்கள்.

ஒருமுறைக் கடவுச்சொல் கைப்பேசிக்குத்தானே வருகிறது? கடவுச்சொல் போனால் என்ன?

நல்ல கேள்வி. பேஸ்புக்கில் நீங்கள் தினமும் கடவுச்சொல் போடுவதில்லை அல்லவா? ஒருமுறை நுழைந்ததும் 'இவர் உள்ளே வந்துவிட்டவர்' என்ற சீட்டை உலாவியில் வைக்கிறார்கள், குக்கி என்று பெயர். அள்ளிப் போகும் நிரல்கள் அந்தச் சீட்டையும் எடுத்துப் போகின்றன. சீட்டு கையில் இருப்பவனிடம் வாசலில் யாரும் ஒருமுறைக் கடவுச்சொல் கேட்பதில்லை. முன்னால் 'எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேறு' என்று சொன்னது இதற்காகத்தான். பழைய சீட்டுகள் செல்லாமல் போகும்.

அதற்காக இரண்டாம் அடுக்குப் பாதுகாப்பைக் கைவிடாதீர்கள், பெரும்பாலான திருட்டை அதுதான் தடுக்கிறது. குறுஞ்செய்தியைவிடச் செயலி நல்லது. நம் வங்கிகளும் 2022இல் மத்திய வங்கியான பேங்க் நெகாரா சொன்னதிலிருந்து குறுஞ்செய்தியை விட்டுச் செயலியின் ஒப்புதலுக்கு மாறின.

பணமே போய்விட்டது. எங்கே ஓடுவது?

ஓடாதீர்கள், அழையுங்கள். 997. தேசிய மோசடி எதிர்ப்பு மையத்தின் எண், 2022 அக்டோபரில் தொடங்கியது. உங்கள் வங்கியின் அவசர எண்ணுக்கும் உடனே அழையுங்கள். பல வங்கிகளில் கணக்கை நீங்களே முடக்கும் 'கில் ஸ்விட்ச்' வசதி உண்டு, அதை அழுத்திவிட்டுப் பேசலாம். பணம் கணக்கு கணக்காகத் தாவிக்கொண்டிருக்கும், நிமிடங்கள்தான் கணக்கு. பிறகு காவல் நிலையத்தில் புகார்.

பணம் போகவில்லை, கணினிதான் கெட்டது என்றால் சைபர்999. சைபர் செக்யூரிட்டி மலேசியாவின் உதவிச் சேவை அது, எண் 1-300-88-2999.

விண்டோஸ் 10 நன்றாகத்தானே ஓடுகிறது. ஏன் மாற்றச் சொல்கிறீர்கள்?

ஓடும். ஆனால் 2025 அக்டோபர் 14உடன் அதற்கான இலவசப் பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றுவிட்டன. இனிக் கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகளை அடைப்பவர் இல்லை. வீட்டுப் பயனாளர்களுக்கு 2026 அக்டோபர் 13 வரை நீட்டிப்புத் திட்டம் உண்டு, விண்டோஸ் அப்டேட் பக்கத்தில் சேர்ந்துகொள்ளலாம். அதற்குள் கணினி விண்டோஸ் 11ஐ ஏற்குமா என்று பாருங்கள். ஏற்காது என்றால், எழுதவும் உலாவவும் மட்டும் பயன்படும் கணினிக்கு விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டுத் தருகிறேன். எங்கள் மாடியில் மூன்று வீடுகளில் ஓடுகிறது, இதுவரை யாரும் திட்டவில்லை.

பையன் எதையாவது இறக்கிக்கொண்டே இருக்கிறான். பூட்டிவிட முடியாதா?

முடியும், வீட்டில் சண்டை இல்லாமலே. அவனுக்குத் தனிக் கணக்கு ஒன்று உருவாக்கி, அதை 'ஸ்டாண்டர்ட் யூசர்' என்று வையுங்கள். கணினி முழுவதையும் தொடும் எதை நிறுவினாலும் உங்கள் கடவுச்சொல் கேட்கும். தன் கணக்குக்குள் மட்டும் உட்காரும் சில நிரல்களை இது தடுக்காது, ஆனால் சேதம் அவன் அறையோடு நிற்க வாய்ப்பு அதிகம். நீங்களும் அன்றாட வேலைக்கு அப்படிப்பட்ட கணக்கையே வைத்துக்கொள்ளுங்கள்.

விண்டோஸ் செக்யூரிட்டியில் 'ரெப்யுடேஷன் பேஸ்ட் புரொடெக்ஷன்' என்ற இடத்தில், வேண்டாத செயலிகளைத் தடுக்கும் வசதியையும் இயக்குங்கள். கோப்புப் பெயரின் வால் தெரியும்படி வையுங்கள். 'கல்யாணம்.ஜேபிஜி' என்று தெரிவது உண்மையில் 'கல்யாணம்.ஜேபிஜி.எக்ஸ்இ' என்ற நிரலாக இருக்கலாம்.

கல்யாணப் பத்திரிகை என்று புலனத்தில் ஒன்று வந்தது. கைப்பேசியில்தான் திறந்தேன், கணினிக்கு ஆபத்தில்லையே?

கணினிக்கு இல்லை, வங்கிக் கணக்குக்கு இருக்கிறது. பெயரின் முடிவில் ஏபிகே என்று இருந்தால் அது பத்திரிகை அல்ல, ஆண்ட்ராய்டு செயலி. நிறுவினால் குறுஞ்செய்திகளைப் படித்து வேறொருவருக்கு அனுப்பலாம். நிறுவிவிட்டிருந்தால் விமானப் பயன்முறையில் வைத்துவிட்டு, வேறொரு கைப்பேசியில் வங்கியை அழையுங்கள், பிறகு பாதித்த கைப்பேசியை முழுதாக அழித்து மீட்டமையுங்கள். வரிசை முன்பு சொன்னதுதான், கருவி மட்டும் வேறு.

என் கணவர் என் கணினியில் ஏதோ வைத்திருக்கிறார் என்று நினைக்கிறேன். நீக்கித் தர முடியுமா?

இதை ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் யாரும் கேட்பதில்லை, மெதுவாகத் தனியே கேட்பார்கள். நீக்க முடியும், ஆனால் இங்கே வரிசை வேறு. நீக்கிய கணமே வைத்தவருக்குத் தெரிந்துவிடலாம். அடி உதையோ மிரட்டலோ இருக்கும் வீடு என்றால், முதலில் அந்தக் கணினியைத் தொடாமல் வேறொருவரின் கைப்பேசியிலிருந்து அரசின் உதவி எண்ணான தாலியான் காசே 15999க்கு அழையுங்கள். ஆதாரமும் அந்தக் கணினியில்தான் இருக்கிறது, அவசரப்பட்டு அழித்துவிடக் கூடாது.

கேள்வியைத் திருப்பிப் போட்டு, 'மனைவி கணினியில் ஒன்று வைத்துக் கொடு' என்று வருபவர்களும் உண்டு. செய்வதில்லை. 1997ஆம் ஆண்டின் கணினிக் குற்றச் சட்டப்படி, அனுமதியின்றிப் பிறர் கணினிக்குள் நுழைந்தால் 50,000 ரிங்கிட் வரை அபராதம், ஐந்தாண்டு வரை சிறை, அல்லது இரண்டும். தாலி கட்டியது அனுமதி ஆகாது.

கேமராவில் பசைத்தாள் ஒட்டலாமா?

ஒட்டலாம். செலவில்லை. ஒலிவாங்கிக்கு அது உதவாது.

எல்லாம் படித்தேன், தலை சுற்றுகிறது. நீங்களே வந்து பார்த்துத் தருவீர்களா, தம்பி?

வருகிறேன், ஞாயிறு மாலை நான்குக்கு மேல். மின்னேற்றியை மறக்காமல் எடுத்து வையுங்கள், பாதிப் பேர் மறந்துவிடுகிறார்கள். கடவுச்சொல்லை என்னிடம் சொல்லாதீர்கள். நீங்களே தட்டுங்கள், நான் சன்னல் பக்கம் திரும்பி நிற்கிறேன்.